ஒரு படி முன்னே நிற்கும் அக்கா

(சுங்கை செம்பிலாங்கில் பெற்றோர், ஆசிரியர்கள், பல்கலைக்கழக மாணவிகள் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஜெரம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா என்று பல பக்கத்திலிருந்தும் வந்திருக்கிறீர்கள். பெண்பிள்ளைகளைக் கையோடு அழைத்து வந்த அம்மாமாருக்கு என் தனி வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நம் பெண்பிள்ளைகளில் கணக்கில் கெட்டிக்காரிகள் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் பலர் பதினேழு வயதோடு கணக்கை விட்டுவிடுகிறார்கள். இதற்கு மூளைக் குறைவு காரணமில்லை. பணக் குறைவு ஒரு காரணம், ஆனால் அது முழுக் காரணமில்லை. அவர்களுக்கு நாலைந்து வயது மூத்த, அதே பாதையில் ஒரு படி முன்னே போன, ஓர் அக்கா இல்லை. கூப்பிட்டால் எடுக்கிற அக்கா. "இந்தப் பாடத்தை விடாதே" என்று சரியான மாதத்தில் சொல்கிற அக்கா. அவளை ஏற்பாடு செய்து கொடுக்க முடியும் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு நல்ல செய்தி. கணினி அறிவியல் ஆண்பிள்ளை படிப்பு என்ற எண்ணம் மேல்நாடுகளில் ஆழமாக ஊறியிருக்கிறது. அமெரிக்காவில் 1980களின் நடுவில் கணினி அறிவியல் பட்டம் வாங்கியவர்களில் ஏறக்குறைய 37 விழுக்காட்டினர் பெண்கள். அதற்குப் பிறகு அந்த எண்ணிக்கை ஏறவில்லை. சரிந்து 20 விழுக்காட்டுக்கும் கீழே போனது. நம் நாட்டில் நிலைமை நேர்மாறு. மஸ்லிசா ஒத்மான், ரொட்சியா லாத்தே என்ற இரண்டு மலேசிய ஆய்வாளர்கள் 2006இல் அமெரிக்கக் கணினியாளர் சங்கத்தின் இதழில், எங்கள் நாட்டுக் கணினித் துறையில் பெண்களுக்குப் பஞ்சமில்லை என்று எழுதினார்கள். நார்வேயிலிருந்து விவியான் லாகெசென் என்ற ஆய்வாளர் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு வந்து பார்த்தார். மாணவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். கணினிப் புலத்தின் தலைவர் பெண். துறைத் தலைவர்கள் அத்தனை பேரும் பெண்கள். அவருக்கு அது பெரிய வியப்பு.

ஏன் இப்படி என்று அவர் அந்த மாணவிகளையே கேட்டார். கூரைக்குக் கீழே உட்கார்ந்து செய்கிற வேலை, பாதுகாப்பான வேலை, படித்தால் வேலை கிடைக்கும், அப்பா அம்மாவே படிக்கச் சொன்னார்கள் என்ற மாதிரியான பதில்கள்தான் வந்தன. மேல்நாட்டு ஆய்வாளருக்கு இது புதுமை. இங்கே உட்கார்ந்திருக்கிற எந்த அம்மாவுக்கும் புதுமையில்லை. மகள் வெயிலில் நிற்கக் கூடாது, மழையில் நனையக் கூடாது, உதிரிச் செம்பனைப் பழம் பொறுக்கிக் குனிந்த முதுகோடு வீடு திரும்பக் கூடாது என்று நினைக்காத தாய் நம் தோட்டத்தில் யார்?

ஆகவே மலேசியப் பெண்ணுக்குக் கணினிப் படிப்பு திறந்துதான் இருக்கிறது. நம் தோட்டத்துப் பெண் அங்கே போய்ச் சேருகிற வழியில்தான் சிக்கல்.

அந்த வழியின் பழைய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. வைத்தார்கள். பல இடங்களில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். மூத்த பெண்பிள்ளை பள்ளிக்கு வருவதும், தம்பி தங்கையைப் பார்க்க நிற்பதும் அம்மா பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, போகிற நேரத்தைப் பொறுத்தது. இங்கிருந்து தூரமில்லை, பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் இன்னும் பழக்கத்தில் சொல்லுகிற பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகில், தென்னமரம் தோட்டத்தில் 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் செம்பனை நட்டார். இந்த நாட்டில் வாணிகத்துக்காகப் போட்ட முதல் செம்பனைத் தோட்டம் அது. நாட்டின் செம்பனைத் தொழிலே நம் மாவட்டத்திலிருந்து கிளம்பியது. அந்த மண்ணைக் கொத்தியவர்களின் பேத்திகளுக்கு எட்ட வேண்டிய படிப்பு இன்னும் எட்டவில்லை என்பது எனக்குப் பெரிய மனக்குறை.

கணக்கு நமக்கு அந்நியமில்லை என்பதை நான் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். என் அம்மா பால்மரம் வெட்டியவர். பாலை ஸ்டோருக்குக் கொண்டு போனால் முதலில் நிறுப்பார்கள். பிறகு கிராணி ஒரு குவளையில் பாலை எடுத்து, மெட்ரோலாக் என்கிற கண்ணாடிக் கருவியை மிதக்க விடுவார். அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்த்து, பாலில் உலர்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு என்று சொல்வார். பால் 22 கிலோ, விழுக்காடு 32 என்றால் ரப்பர் ஏழு கிலோ. கிராணி பென்சிலை எடுப்பதற்குள் அம்மா விடையை உதட்டுக்குள் சொல்லி முடித்திருப்பார். கிராணி ஆறு என்று எழுதினால் "அய்யா, இன்னொரு தரம் பாருங்க" என்பார். அம்மாவுக்கு விழுக்காடு என்ற பாடத்தை யாரும் நடத்தவில்லை. கூலி குறையக் கூடாது என்ற தேவை நடத்தியது.

அந்தத் திறமை இன்றைய தோட்டத்துப் பெண்பிள்ளையிடமும் இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் கணக்கில் முதலாவதாக வருகிறாள். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அதே கணக்கு மலாய்மொழியில் வருகிறது. கொஞ்சம் தடுமாறி எழுந்து விடுகிறாள். உண்மையான சோதனை மூன்றாம் படிவத்தின் முடிவில். நான்காம் படிவத்தில் என்ன பாடம் எடுப்பது என்று ஒரு தாள் கொடுப்பார்கள். அதில் கூடுதல் கணிதம் என்று ஒரு பாடம் இருக்கும். "ரொம்பக் கஷ்டமாம், எடுத்தா மார்க் போயிடுமாம்" என்று தோழி சொல்வாள். வீட்டில் கேட்டால், "உனக்கு எது புடிக்குதோ எடும்மா" என்பார்கள். அன்பான பதில்தான், ஆனால் வழி சொல்லாத பதில். அவள் அந்தப் பாடத்தை விட்டுவிடுகிறாள். பொறியியல், கணிதம், புள்ளியியல், நல்ல கணினிப் படிப்புகள் பலவற்றுக்கும் அந்தப் பாடம் வேண்டும் என்பது இரண்டு வருடம் கழித்து, ஐந்தாம் படிவத்தின் எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்த பிறகு, பல்கலைக்கழக விண்ணப்பத்தைத் திறக்கும்போதுதான் தெரியவருகிறது. அதற்குள் மேருவிலும் காப்பாரிலும் உள்ள தொழிற்சாலைகளின் பேருந்து வாசலுக்கே வந்து நிற்கிறது. முதல் மாதச் சம்பளம் வீட்டுக்கு உதவுகிறது. யாரும் அவளைக் கெடுக்கவில்லை. ஆனாலும் ஒரு கணிதக்காரியை இழந்துவிட்டோம்.

கோலாலம்பூரில் படித்த குடும்பத்துப் பெண்ணுக்கு இதே தாள் வரும்போது சித்தி இருப்பார், அத்தை மகள் இருப்பார், பக்கத்து வீட்டுப் பொறியியலாளர் இருப்பார். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் பேசி முடிவாகிவிடும். நம் பிள்ளைக்கு அந்தச் சித்தியை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

இது புதிய யோசனை இல்லை. எம்மி நோய்தர் என்ற ஜெர்மானியக் கணிதமேதையைப் பற்றி இங்கே கொஞ்சம் பேசியே ஆக வேண்டும். இன்றைய இயற்கணிதத்தின் அடித்தளத்தைப் போட்டவர்களில் அவர் முதன்மையானவர். பெண் என்பதால் பல ஆண்டுகள் சம்பளமே இல்லாமல் பாடம் நடத்தினார். யூதர் என்பதால் 1933இல் நாஜிகள் அவரைப் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கினார்கள். அமெரிக்காவில் பிரின் மார் என்ற பெண்கள் கல்லூரி அவருக்கு இடம் கொடுத்தது. அங்கே அவர் வாழ்ந்தது இரண்டு ஆண்டுகூட நிறையவில்லை, 1935இல் இறந்துவிட்டார். அந்தக் குறுகிய காலத்தில் அவரைச் சுற்றி நான்கு இளம் பெண்கள் கணிதம் படித்தார்கள்.

அவர் பிறந்து நூறாண்டு ஆன 1982இல் அதே கல்லூரியில் ஒரு கருத்தரங்கு நடந்தது. அந்த இளம் பெண்களில் சிலர் முதிய வயதில் அங்கே வந்து, நோய்தரோடு இருந்த நாள்களைப் பற்றிப் பேசினார்கள். அரை நூற்றாண்டு ஆகியும் மறக்கவில்லை. அந்தக் கருத்தரங்கை நடத்தியது கணிதத்தில் பெண்கள் சங்கம். 1971இல் அமெரிக்காவில் தொடங்கியது. கருத்தரங்கு நடந்தபோது அதன் தலைவர் யார் தெரியுமா? சென்னையில் பிறந்த பாமா சீனிவாசன். மான்செஸ்டரில் ஆய்வுப் பட்டம் பெற்று, சென்னை இராமானுஜன் கணித நிறுவனத்தில் பணியாற்றி, பிறகு சிக்காகோவில் பேராசிரியரானவர். உலகப் பெண் கணிதவியலாளர்களின் முதன்மையான சங்கத்தை ஒரு சென்னைப் பெண் வழிநடத்தியிருக்கிறார் என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக் கொடுத்ததில்லை. இனிமேல் சொல்லுவோம்.

கணிதவியலாளர் பரிமளாவையும் சேர்த்துச் சொல்லுங்கள். சென்னை சாரதா வித்யாலயாவிலும் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியிலும் படித்தவர். 1976இல், பலரும் இருக்காது என்று நினைத்த ஒரு கணிதப் பொருளுக்கு எடுத்துக்காட்டுக் கொடுத்து உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தார். 2010இல் ஹைதராபாத்தில் அனைத்துலகக் கணித மாநாடு நடந்தபோது முழு அவைக்கும் சொற்பொழிவாற்றியவர்களில் அவரும் ஒருவர்.

பாமா சீனிவாசனுக்குச் சில ஆண்டுகள் முன்பு அந்தச் சங்கத்தின் தலைவராக இருந்தவர் லெனோர் ப்ளம். கணிதத்திலிருந்து கணினிக்கு வந்தவர். 1999இல் அவர் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அந்தப் பல்கலைக்கழகத்தின் கதை நமக்கு நேரடியாகப் பயன்படும். 1995இல் அங்கே கணினி அறிவியலில் புதிதாகச் சேர்ந்தவர்களில் பெண்கள் 7 விழுக்காடு. ஜேன் மார்கோலிஸ், ஆலன் ஃபிஷர் என்ற இருவர் ஆண்டுக்கணக்கில் மாணவ மாணவியரோடு உட்கார்ந்து பேசினார்கள். அவர்கள் கண்டது இது: பல வீடுகளில் கணினி அண்ணன் தம்பியின் அறையில் இருந்திருக்கிறது. பையன் சின்ன வயதிலிருந்தே அதைப் பிரித்துப் போட்டு விளையாடியவன். பெண் பக்கத்தில் நின்று பார்த்தவள். வகுப்பில் அவன் பேசும் சொற்கள் அவளுக்குப் புரியவில்லை. நல்ல மதிப்பெண் வாங்கிக்கொண்டிருக்கும்போதே, "நான் இதற்கு லாயக்கில்லை" என்று நினைக்கத் தொடங்கினாள். பல்கலைக்கழகம் என்ன செய்தது? முன்பே நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை எடுத்தது. தெரிந்தவருக்கு ஒரு வகுப்பு, தெரியாதவருக்கு ஒரு வகுப்பு என்று தொடக்கத்தைப் பிரித்தது. 2000இல் பெண்கள் 42 விழுக்காடு ஆனார்கள். வந்தவர்களைத் தக்கவைக்க, மூத்த மாணவிக்கும் புதிய மாணவிக்கும் அக்கா தங்கை என்றே இணை சேர்க்கும் ஏற்பாடு ப்ளம் அமைத்த மாணவிகள் குழுவில் நடந்தது.

அண்ணன் அறையில் கணினி என்றதும் உங்களுக்கு நம் வீடுகள் நினைவுக்கு வந்திருக்கும். 2020இல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பங்கு போட்ட வீடுகள் இங்கே உண்டு. யாருடைய வகுப்புக்கு முதலிடம் என்ற கேள்வி வந்தபோது பெண்பிள்ளை விட்டுக்கொடுத்ததும் உண்டு. தயவுசெய்து அதைப் பழக்கமாக்காதீர்கள்.

இன்னொரு ஆய்வு. எனக்கு இதுதான் மிகவும் முக்கியம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தாரா டென்னஹி, நீலாஞ்சனா தாஸ்குப்தா என்ற இருவர் பொறியியலில் சேர்ந்த 150 முதலாண்டு மாணவிகளை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் சிலருக்கு மூத்த மாணவி ஒருத்தியை வழிகாட்டியாகக் கொடுத்தார்கள், சிலருக்கு மூத்த மாணவன், சிலருக்கு யாருமில்லை. ஓராண்டு முடிந்தது. 2017இல் முடிவை வெளியிட்டார்கள். யாருமில்லாதவர்களில் 11 விழுக்காட்டினர் துறையை விட்டுப் போயிருந்தார்கள். மாணவனை வழிகாட்டியாகப் பெற்றவர்களில் 18 விழுக்காட்டினர் போயிருந்தார்கள். அக்காவைப் பெற்றவர்களில் ஒருத்திகூடப் போகவில்லை. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: அக்கா கிடைத்ததால் மதிப்பெண் கூடவில்லை. "இது எனக்கும் உரிய இடம்" என்ற எண்ணம் குறையாமல் இருந்தது. அதுதான் அவர்களை நிறுத்தி வைத்தது. அவர்கள் தினமும் சந்திக்கவுமில்லை. ஓராண்டில் சில சந்திப்புகள்தாம்.

இதனால்தான் நான் ஒருநாள் தன்முனைப்பு முகாம்களைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகிறேன். நல்ல மனத்தோடு நடத்துகிறார்கள். பிள்ளைகள் அழுகிறார்கள், உறுதிமொழி எடுக்கிறார்கள், ஞாயிறு மாலை வீட்டுக்கு வருகிறார்கள். திங்கட்கிழமை இருபடிச் சமன்பாடு புரியாதபோது கேட்க ஆளில்லை. நூறு பேருக்கு ஒருநாள் பேசுவதைவிட ஒரு பிள்ளையோடு மூன்று வருடம் பேசுவது மேல். செலவும் குறைவு.

நம் சமுதாயத்தில் இதற்கு முன்னோடி இல்லாமல் இல்லை. டான்ஸ்ரீ தம்பிராஜா 1982இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையத்தில் பல்கலைக்கழக மாணவர்களே ஆசிரியர்களாக வந்து பாடம் எடுத்தார்கள். அங்கே படித்துப் பட்டதாரியானவர்கள் இன்று நாடெங்கும் இருக்கிறார்கள். தாம் ஏறிய ஏணிக்கு அடுத்தவரையும் கூட்டி வருகிற பழக்கத்தை அந்த நிலையம் நமக்குக் கொடுத்தது. நான் கேட்பது அதிலேயே ஒரு சிறிய கிளை: பெண்பிள்ளைகளுக்கு, கணிதத்துக்கும் கணினிக்கும்.

அக்கா வந்து என்ன செய்வாள்? ஒன்று காட்டுகிறேன். பழைய தோட்டத்துச் செக்ரோலில், அதாவது தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில், ஆயிரம் பெயர் அகர வரிசையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதலிலிருந்து படித்தால் ஆயிரம் பெயரையும் பார்க்க நேரலாம். தங்கையிடம் அக்கா கேட்கிறாள், "எத்தனை பெயரைப் பார்த்தால் போதும்?" தங்கை, "ஐந்நூறு?" என்கிறாள். அக்கா சரியென்றும் சொல்லக் கூடாது, தப்பென்றும் சொல்லக் கூடாது. "நடுவில் இருக்கிற பெயரைப் பார், அப்புறம் சொல்" என்று விட வேண்டும். தங்கை பார்க்கிறாள். தேடுகிற பெயர் அதற்கு முன்னால் வருமா, பின்னால் வருமா என்று தெரிந்ததும் பாதிப் புத்தகம் கழிந்துவிடுகிறது. மீதியில் மறுபடி நடு. 500, 250, 125 என்று குறைந்துகொண்டே வருவதை அவளே எழுதிப் பார்க்கிறாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கிறாள். பிறகு, "அக்கா, பத்துத் தடவை போதும்!" என்கிறாள். ஆமாம், இரண்டைப் பத்துத் தடவை பெருக்கினால் 1024. பத்து இலட்சம் பெயர் இருந்தாலும் இருபது பார்வை போதும். பல்கலைக்கழகத்தில் நாங்கள் முதலாண்டில் நடத்துகிற பாடம் இது. நான்காம் படிவப் பிள்ளை அரைமணி நேரத்தில் தானே கண்டுபிடித்துவிட்டாள். அக்கா விடையைச் சொல்லியிருந்தால் அது இன்னொரு டியூசன் வகுப்பு. கணிதப் பேராசிரியர் குமரேசன் 1993இல் இந்தியாவில் தொடங்கிய கோடைக்காலக் கணிதப் பயிற்சியின் பலமும் இதுவே: ஆசிரியர் கேட்டுக்கொண்டே இருப்பார், மாணவர் பலகைக்கு வந்து யோசிப்பார். சிறு ஊர்க் கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள் அங்கிருந்து ஆய்வுக்குப் போயிருக்கிறார்கள்.

கணக்குக்கு வெளியே அக்காவுக்கு இன்னும் பெரிய வேலை உண்டு. பாடத் தேர்வுத் தாள் வருகிற மாதத்தில் வீட்டுக்கு வந்து அப்பாவோடு பேச வேண்டும். ஆறாம் படிவமா, மெட்ரிகுலேசனா, டிப்ளோமாவா, எதற்கு எவ்வளவு செலவு, எது எத்தனை வருடம் என்று காகிதத்தில் எழுதிக் காட்ட வேண்டும். விண்ணப்பம் மூடும் தேதிக்கு முன்னால் கூட உட்கார்ந்து நிரப்ப வேண்டும், பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடன் என்றால் என்ன, எப்போது திருப்பிக் கட்ட வேண்டும் என்று பயம் தெளியச் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்துக்குள்ளேயே பெஸ்தாரி ஜெயாவில் சிலாங்கூர் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. அதன் வாசலைத் தாண்டியே வேலைக்குப் போகிற குடும்பங்களுக்கு, உள்ளே என்ன படிப்பு இருக்கிறது என்று காட்ட ஒருநாள் பிள்ளையை நடத்திக் கூட்டிப் போனாலே போதும்.

அக்காவாக வரப்போகிற பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை. நீங்கள் முதல் வகுப்பில் தேறியிருக்க வேண்டியதில்லை. ஒரு பாடத்தில் தவறி மறுபடி எழுதியவளாக இருந்தால் இன்னும் நல்லது; தவறினால் உலகம் முடிந்துவிடாது என்று தங்கை உங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள். ஆனால் வருவேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருக்காதீர்கள். தங்கையின் வீட்டுப் பிரச்சினையை வெளியே பேசாதீர்கள். தாங்க முடியாத சிக்கல் என்றால் பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடம் கொண்டு போங்கள். எல்லாவற்றையும் நீங்களே சுமக்க வேண்டாம்.

அப்பாமாருக்கும் ஒரு வேண்டுகோள். மகளைத் தனியாக வெளியே அனுப்பத் தயக்கம் இருக்கும். அந்தத் தயக்கத்தை நான் குறையாகப் பேச மாட்டேன். இரவில் பேருந்து இல்லாத ஊர் நம்முடையது. ஆகவே சந்திப்பு பகலில், எல்லாரும் அறிந்த இடத்தில், கோயில் மண்டபத்திலோ பள்ளி நூலகத்திலோ நடக்கட்டும். முதல் தடவை நீங்களே கூட வந்து உட்காருங்கள். அக்காவின் பெற்றோரையும் பார்த்துப் பேசிவிட்டுப் போங்கள்.

இந்த ஆண்டு மூன்றாம் படிவத்தில் இருக்கிற பிள்ளைகளிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் பாடத் தேர்வு அவர்களுக்குத்தான் அருகில் இருக்கிறது. ஓர் அக்காவுக்கு இரண்டு தங்கைக்கு மேல் வேண்டாம். அக்காமார் பலர் ஷா ஆலத்திலும் கோலாலம்பூரிலும் தங்கிப் படிக்கிறவர்கள். மாதம் ஒருமுறை வந்து போகிற வண்டிச் செலவை இங்கிருக்கிற வேலை பார்க்கும் அண்ணன்மாரும் கடைக்காரர்களும் பகிர்ந்துகொள்ளுங்கள். யாரிடமாவது பழைய மடிக்கணினி சும்மா கிடந்தால் கொண்டு வாருங்கள். தட்டச்சும் சிறு நிரலும் பழக அது போதும். வாசலில் இரண்டு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். ஒன்றில் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகள் பெயரையும் பாடத்தையும் எழுதுங்கள். மற்றதில் பெற்றோர் மகளின் பெயரையும் படிவத்தையும் எழுதுங்கள். சாப்பாடு தயாராக இருக்கிறது. எழுதிவிட்டுச் சாப்பிடப் போகலாம்.